மரவள்ளிக் கணக்கில் விடுபடும் மெத்தியோனின்

மரவள்ளிக் கிழங்கின் விலை சரியும்போதெல்லாம் அதைக் கால்நடைத் தீவனமாக்கலாம் என்ற யோசனை தலைகாட்டுகிறது. காய்ந்த கிழங்கில் 70 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்து இருப்பதாலும், அது பன்றியின் குடலில் எளிதில் செரிப்பதாலும், மக்காச்சோளத்துக்கு அது மாற்றாகும் என்பதில் பிழையில்லை. பிழை, இரண்டின் விலையையும் கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டு லாபத்தை முடிவுசெய்வதில் இருக்கிறது.

மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு புரதம் உண்டு. காய்ந்த மரவள்ளியில் இருப்பதோ 2 முதல் 3 விழுக்காடுதான். 100 கிலோ தீவனத்தில் 60 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு, புரதம் குறையாமல் அந்த இடத்தை நிரப்ப வேண்டுமானால், சுமார் 51 கிலோ மரவள்ளியும் 9 கிலோ கூடுதல் சோயாப் புண்ணாக்கும் தேவைப்படும். மலிவு என்று வாங்கிய கிழங்கு, விலை மிகுந்த புண்ணாக்கைக் கைப்பிடித்து அழைத்து வருகிறது. அதன் பிறகும் கணக்கு முடிவதில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை. அவற்றுள் எது தேவைக்கு மிகக் குறைவாக இருக்கிறதோ, அதன் அளவுக்குத்தான் மற்றவையும் தசையாக மாறும். மேற்சொன்ன மாற்றத்தில், அந்த 60 கிலோ பங்கில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, ஏனெனில் சோயாவில் அது மிகுதி. மெத்தியோனின் என்ற மற்றொன்றோ சுமார் 110 கிராமிலிருந்து 70 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மக்காச்சோளத் தீவனத்துக்கு லைசின் சேர்த்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தை மரவள்ளிக்கும் நீட்டித்தால், நிரம்பிய குடத்தில் நீரூற்றியதாகவே முடியும்.

மெத்தியோனினுக்கு இன்னொரு சுமையும் காத்திருக்கிறது. மரவள்ளியில் உள்ள லினமாரின் என்ற சேர்மம், கிழங்கு நறுக்கப்படும்போது அதிலுள்ள நொதியோடு கலந்து ஹைட்ரஜன் சயனைடை வெளியிடுகிறது. எஞ்சும் சயனைடைப் பன்றியின் கல்லீரல் தயோசயனேட்டாக மாற்ற, அது சிறுநீரில் வெளியேறுகிறது. இந்த மாற்றத்துக்குத் தேவையான கந்தகமோ மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய கந்தக அமினோ அமிலங்களிலிருந்தே பெறப்படுகிறது. ஏற்கெனவே பற்றாக்குறையான ஒன்று, நச்சு முறிக்கவும் செலவாகிறது என்பதுதான் இதன் பொருள். தயோசயனேட்டு தைராய்டு சுரப்பி அயோடினை ஈர்ப்பதைத் தடுப்பதால், தீவன உப்பில் அயோடினையும் மறக்கக் கூடாது. கிழங்கை மெல்லிய துண்டுகளாக்கி நிதானமாக வெயிலில் காயவைப்பது, உயர்வெப்ப உலையில் விரைந்து உலர்த்துவதைவிட அதிக சயனைடை நீக்குகிறது. நொதி வேலை செய்ய ஈரமும் நேரமும் வேண்டும். களத்து வெயில் எந்திரத்தை விஞ்சும் அபூர்வமான இடம் இது.

மரவள்ளியையும் சோயாவையும் சேர்ப்பதன் பொருளாதாரத்துக்கு ஐரோப்பாவே சான்று. ஐரோப்பிய நாடுகளின் பொது வேளாண் கொள்கையின் கீழ் தானிய விலை உயர்த்தி வைக்கப்பட்டிருந்த காலத்தில், தாய்லாந்திலிருந்து வந்த மரவள்ளிக் குருணைகளுக்கு 6 விழுக்காடு சுங்கமும் சோயாவுக்குச் சுங்க விலக்கும் இருந்ததால், நெதர்லாந்தின் தீவன ஆலைகள் இரண்டையும் ரோட்டர்டாம் துறைமுகத்தில் இறக்கிக் கலந்து பன்றிகளுக்குத் தந்தன. 1982-இல் தாய்லாந்துடனான உடன்பாட்டால் இறக்குமதிக்கு வரம்பு வந்தது. 1992-இன் கொள்கைச் சீர்திருத்தம் உள்ளூர்த் தானிய விலையைக் குறைத்ததும் மரவள்ளியின் கவர்ச்சி மங்கியது. கிழங்கு அப்படியேதான் இருந்தது. அதன் போட்டியாளரின் விலை மாறியதே போதுமானதாக இருந்தது.

சேலம், நாமக்கல் வட்டார ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்கு, மாவுச்சத்தின் அளவைக் காட்டும் புள்ளியை எண்ணியே விலை வைக்கின்றன. ஆலைக்குப் பொருத்தமான அந்த அளவுகோல், புரதத்தையும் சயனைடையும் கணக்கில் கொள்ளாததால், பன்றித் தீவனத்துக்குப் பாதியே உதவும். ஆலையில் மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியிலோ மாவுச்சத்து ஓரளவு எஞ்சினாலும் நார் மிகுதி, புரதம் மிகச் சொற்பம். வளரும் குட்டிகளுக்கு அது முதன்மைத் தீவனமாகாது. நாரைத் தாங்கக்கூடிய சினைப் பன்றிகளுக்கு அளவோடு கலக்கலாம். அப்போதும் சோயாவின் விலையையும், மருந்துக் கடைத் தராசில் நிறுக்கத்தக்க அளவே தேவைப்படும் மெத்தியோனின் தூளின் விலையையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் திப்பி மலிவா என்பது தெரியும்.