முதலில் கிரவல், பிறகு அனுமதியா?

பத்தரமுல்லையும் இராஜகிரியவும் ஒரு காலத்தில் வயலும் சதுப்புமாகக் கிடந்த ஊர்கள். தியவன்னா ஓயாக் கரையில் 1982 இல் பாராளுமன்றம் குடிவந்தது; அதன் பின்னாலேயே கொழும்பும் வந்தது. கிரவல் கொட்டி, மதில் எழுப்பி, வயலைப் பேர்ச்சஸ் கணக்கில் விற்றார்கள். 2010 நவம்பர் மழையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. அனுமதியின்றி வயலை நிரப்பக் கூடாது என்று 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தை நிறைவேற்றியதும் இதே சபைதான்.

அந்தக் கூத்தை வன்னியிலும் ஆட விட முடியாது.

வன்னியிலுள்ள உடையார்கட்டு தன் பெயரிலேயே ஒரு குளக்கட்டைச் சுமக்கும் ஊர். குளத்தின் கீழே வயல், மேட்டில் வீடு என்பதுதான் வன்னியின் ஒழுங்கு. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி குடியேற்றத் திட்டங்களில் பேர்மிட் கொடுத்தவர்களும் வயலை வேறாக, மேட்டுக்காணியை வேறாகவே அளந்தார்கள். போரின் இறுதியில், 2009 ஜனவரியில் அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த பிறகும் எறிகணை விழுந்த மண் இது. முகாமிலிருந்து திரும்பிய சனத்துக்கு மிஞ்சியது காணி ஒன்றுதான். இன்று பரந்தன் – முல்லைத்தீவு வீதி திருந்திவிட்டது. வீதிக்கரை வயலை வீட்டுக் காணியாகப் பார்க்கும் கண்களும் வந்துவிட்டன.

கமக்காரனை நாம் ஏசப்போவதில்லை. அப்பப்பாவுக்குக் கிடைத்த மேட்டுத் துண்டில் பேரப்பிள்ளைகள் எத்தனை வீடு கட்டுவார்கள்? வேறு மேட்டு நிலம் கேட்டால் வன இலாகாவின் எல்லைக்கல்லைக் காட்டுகிறார்கள். மேட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் பள்ளத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்வது வெறும் பம்மாத்து.

ஒரு வயலை உயர்த்தினால் கழிவு வாய்க்கால் அடைபடும். தண்ணீர் பக்கத்து வயலில் தேங்கிப் பயிர் அழுகும். இரண்டு போகம் நட்டப்பட்டவன் மூன்றாம் போகத்தில் தானும் டிப்பரைக் கூப்பிடுவான். கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த 2018 மார்கழி வெள்ளத்தை அதற்குள் மறந்துவிட்டோமா?

கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாத வயலில் எந்தப் பிரதேச சபையும் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது. அத்திவாரம் எழும்பிய பிறகு தண்டம் அறவிட்டுச் சரிக்கட்டும் வழியே இருக்கக் கூடாது. நிரப்பியவர் செலவிலேயே மண்ணை அள்ளுவிக்க வேண்டும். குளங்களின் கீழுள்ள வயல் எல்லைகளைக் கமக்கார அமைப்புகளை வைத்துக்கொண்டு அளந்து, கல் நட்டு, ஊரறியப் படம் ஒட்டுங்கள். காணியில்லாத குடும்பங்களுக்கு மேட்டைத் திறவுங்கள். இவ்வளவும் வருகிற காலபோக விதைப்புக்கு முன்னர் நடக்க வேண்டும்.