பிக்கப் இழுக்கலையா? பார்ட்டை மாற்றும் முன் எரர் கோடைக் கேளுங்க!

வாடகை பேசி லோடு ஏற்றியாச்சு. கண்ணமங்கலம் தாண்டி வேலூர் ரோட்டில் போகும்போது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. செக் இன்ஜின் லைட் எரிகிறது. பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. ‘த்ராட்டில் போச்சு, மொத்தமா மாத்தணும்’ என்று உடனே பதில் வரும். பணம் வீணாவது அங்கேதான்.

ஏன் இப்படி ஆகிறது?

முன்பு ஆக்சிலரேட்டருக்கு கேபிள் இருந்தது. இப்போது பெடலில் இரண்டு சென்சார்கள். எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை இரண்டும் தனித்தனியாக இசியூவுக்குச் சொல்லும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால், வண்டி தானாக வேகமெடுத்துவிடக் கூடாது என்று இசியூ இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். இதுதான் ‘லிம்ப் மோடு’.

எதை முதலில் பார்க்கணும்?

* ஸ்கேனர் போட்டு எரர் கோடை எடுக்கணும். ‘பி2138’ வந்தால் பெடல் சென்சார் சிக்னல்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சென்சாரே போச்சு என்று பொருள் இல்லை.
* பேட்டரி வோல்டேஜ், எர்த் ஒயர், கனெக்டரில் துரு, உரசித் தேய்ந்த ஒயர்.
* இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பெடலை மெதுவாக மிதிக்கணும். ஸ்கேனரில் இரண்டு அளவும் சீராக ஏறணும். ஒயரிங் சரியாக இருந்தும் நடுவில் குதித்தால்தான் சென்சார் மேல் சந்தேகம்.
* பெட்ரோல் வண்டியில் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். டீசல் வண்டியில் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் கசிவுகூட இழுவையைக் குறைக்கும்.

கோடை மட்டும் அழித்தால் லைட் அணையும், கோளாறு அப்படியேதான் இருக்கும்.

மெக்கானிக் மட்டும் காரணமா?

இல்லை. ஸ்கேனரும் சர்வீஸ் விவரங்களும் அவருக்குக் கிடைக்காவிட்டால், அனுமானத்தில் பார்ட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடவில்லை என்று 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் உண்டு. ஆனால் இணையதளம் மட்டும் போதாது. சர்வீஸ் விவரங்களைத் தருவதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, பில்லில் எரர் கோடை எழுதித் தரச் சொல்லுங்க. ஒருநாள் வண்டி நின்றாலும் வாடகை போகும். டியூ தேதி நிற்காது.