மக்காச்சோளத்தில் இருந்து சோடா பாட்டில் வரை: நொதிக்கும்போது வரும் வாயுவை வீணாக்கலாமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கரிசல் காட்டில் மானாவாரியாக விளையும் மக்காச்சோளத்துக்கு முக்கிய வாடிக்கையாளர் கோழித் தீவன ஆலைகள்தான். இப்போது நாடு முழுக்க இன்னொரு போட்டியாளரும் வந்தாச்சு: எத்தனால் ஆலைகள். பெட்ரோலில் 20% எத்தனால் கலக்கும் இலக்கை மத்திய அரசு 2030-ல் இருந்து 2025-26-க்கு முன்னே இழுத்தது. 2025-லேயே அதை எட்டியும் விட்டது.

எத்தனாலோ பீரோ, அடிப்படை வேலை ஒன்றுதான்: நொதித்தல். அதில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு பல ஆலைகளில் அப்படியே காற்றில் போகிறது. அதைப் பிடித்தால் என்ன கிடைக்கும்?

எவ்வளவு வாயு வரும்?

ஈஸ்ட் 180 கிராம் குளுக்கோஸைத் தின்றால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வரும். அதாவது கிட்டத்தட்ட சரிபாதி! நிதி ஆயோக் கணக்குப்படி ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். ஆக, ஒரு குவிண்டாலுக்கு 38 லிட்டர் எத்தனால், கூடவே 28 கிலோ வாயு.

பீர் ஆலையில் 100 லிட்டருக்குச் சுமார் 4 கிலோ வாயு வரும். பீரில் வாயு ஏற்றவும் பாட்டில் நிரப்பவும் தேவைப்படுவது ஏறக்குறைய அதில் பாதி. ஒழுங்காகப் பிடித்தால் வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

எப்படிப் பிடிக்கிறாங்க?

நொதித்தல் தொடங்கிய முதல் சில மணி நேரம் தொட்டியில் காற்றும் கலந்திருக்கும். அதை வெளியே விட்டுவிடுவார்கள். பிறகு வருவது 99 சதவீதத்துக்கும் மேல் சுத்தமான வாயு. நுரையைப் பிரித்து, தண்ணீரில் கழுவி, அழுத்தி, கரி வடிகட்டியில் வாடை நீக்கி, ஈரம் உலர்த்தி, குளிர்வித்துத் திரவமாக்கி டேங்கில் அடைப்பார்கள். அவ்வளவுதான்.

இது ஏன் சுலபம் என்பதற்கு நம்ம பக்கத்து ஊரே உதாரணம். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் நிலக்கரி பாய்லர் புகையில் இருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கும் திட்டம் 2017-ல் உலகச் செய்தியானது. பாய்லர் புகையில் பெரும்பகுதி நைட்ரஜன். கரைப்பான் கொண்டுதான் கார்பன் டை ஆக்சைடைத் தனியே பிரிக்கணும். நொதித் தொட்டியில் அந்தச் செலவே கிடையாது.

யாருக்குத் தேவை?

சோடா, கலர் கம்பெனிகளுக்கு, வெல்டிங் பட்டறைகளுக்கு, தீயணைப்பான்களுக்கு. பொவொண்டோ புகழ் காளி மார்க் 1916-ல் தொடங்கியதே விருதுநகரில்தான். உலகச் சந்தையில் இந்த வாயுவின் பெரும்பங்கு அமோனியா உர ஆலைகளின் உபபொருள். 2018 உலகக் கோப்பை கால்பந்து நேரத்தில் ஐரோப்பாவில் பல உர ஆலைகள் ஒரே சமயத்தில் மூடியிருக்க, பிரிட்டனில் பீருக்கும் குளிர்பானத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. சொந்தமாகப் பிடிக்கும் ஆலைக்கு அந்தத் தலைவலி குறைவு.

அப்போ பூமிக்கு லாபமா?

பாதிதான். சோடா மூடியைத் திறந்ததும் வாயு மறுபடி காற்றுக்கே போகிறது. உர ஆலையில் இருந்து வாங்கும் வாயுவுக்கு மாற்றாக அமைவதுதான் நன்மை. நிரந்தரமாக அடைக்க வேண்டுமென்றால் நிலத்தடிப் பாறைக்குள் செலுத்தணும். அமெரிக்காவின் டெகேட்டர் நகரில் 2011 முதல் மூன்றே ஆண்டுகளில் எத்தனால் ஆலை வாயு 10 லட்சம் டன் அப்படிச் செலுத்தப்பட்டது.

ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியவை

உங்கள் பகுதிக்கு இப்படி ஓர் ஆலை வந்தால் மூன்று கேள்விகளை மறக்காதீங்க.

ஒன்று, தண்ணீர் எங்கிருந்து? குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை எண்ணிவிடலாம். வாயுவைப் பிடிப்பது இந்தப் பிரச்சினையைத் தீர்க்காது.

இரண்டு, பாதுகாப்பு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான, நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு பள்ளங்களில் தேங்கி மூச்சை நிறுத்திவிடும். கசிவு எச்சரிக்கைக் கருவி இருக்கா?

மூன்று, விலை. 2025-26-க்கான மக்காச்சோள ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். எத்தனாலும் வாயுவும் தனித்தனியாகக் காசாகும்போது, விதைத்தவருக்கு அதே 2,400 மட்டும்தானா? ஆலையோடு ஒப்பந்தம் பேசும் உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் அந்த 28 கிலோவையும் கணக்கில் வைத்துப் பேசலாம்.