ஒளியிழை எத்துறைக்குரியது?

அறிவைத் துறைதுறையாக வேலியிட்டுக் காப்போரிடம் ஒன்று கேட்போம்: ஒளியிழை எத்துறைக்குரியது? இழையினூடே செல்லும் ஒளி விரைவிற் தேய்வதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பன்று, அதிற் கலந்த மாசே என 1966இல் காவோ, ஹொக்காம் என்னும் பொறியியலாளர் எடுத்துரைத்தனர். 1970இல் கோர்ணிங் நிறுவனத்தார் ஒளியிழப்புக் குறைந்த சிலிக்கா இழையை ஆக்கினர். 2025இல் சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளரோ இழையின் நடுவே கண்ணாடியையே விலக்கி, வெற்றிடைவெளியினூடே ஒளியைச் செலுத்தி, இழப்பைக் கிலோமீற்றருக்கு 0.1 டெசிபெலுக்குக் கீழே கொணர்ந்தனர். பொறியியல் வினாவெழுப்பிற்று, பௌதிகவியல் காரணங் கண்டது, கண்ணாடியின் ஆக்கமறிந்தோர் விடை தந்தனர். இங்கே வேலி எங்கே? நாமோ உயர்தர வகுப்பிலேயே மாணவரைப் பிரித்து, அயற்றுறையை எட்டியும் பாராதிருக்கப் பழக்குகின்றோம். கலைப்பீடத்தாராகிய நாமும் ‘அஃது எமக்குரியதன்று’ என ஒதுங்குகின்றோம். இவ்வொதுக்கம் அடக்கமன்று, அறியாமையைக் காக்க நாமே இட்ட வேலி.