கோழிக் குஞ்சு வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை

கோழி வளர்ப்பு பெண்டுகளுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய சில்லறைக் காரியமென்று நம் ஜில்லாவின் நிலச்சுவான்தார்களில் அநேகர் எண்ணியிருக்கின்றனர். மானம் பார்த்த கரிசற் பூமியில் மழை பொய்த்தால் பருத்தியும் மக்காச்சோளமும் கைவிட்டுவிடும். அவ்வருஷங்களில் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் முட்டைக் காசு உதவுவதை யாவரும் அறிவர். பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குச் செல்லும் ஸ்திரீகள் பலர் கூலியில் மீத்த பணத்தை முதலாக இடுவதும் கோழியிலேயே. அம்முதல் வீணாகும் ஒரு வழியைக் குறித்து எச்சரிப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பங்குனி, சித்திரைத் திருவிழாக் காலங்களில் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகச் சாயமேற்றிய குஞ்சுகள் கூடை கூடையாக விற்பனைக்கு வருகின்றன. இவை எங்கிருந்து வருகின்றன? நாமக்கல் முதலிய இடங்களில் முட்டைக்கென்றே வளர்க்கப்படும் சீமையினங்களின் குஞ்சுகள், பொரித்த முதல் நாளிலேயே ஆண் வேறு பெண் வேறாகப் பிரிக்கப்படுகின்றன. பெட்டைகள் பண்ணைகளுக்குச் செல்லும். சேவல்கள் முட்டையிடா, இறைச்சியினத்தைப்போல் விரைவில் எடை கூடவும் மாட்டா. இவ்வாறு கழிக்கப்பட்ட சேவல்களே பெரும்பாலும் சாயந்தோய்ந்து நம் தெருவுக்கு வருகின்றன. ஜெர்மனி தேசத்தில் இத்தகைய சேவற்குஞ்சுகளைக் கொல்வதை 2022 ஜனவரி முதல் சட்டத்தால் தடுத்து, முட்டைக்குள் இருக்கும்போதே ஆண் பெண் அறியும் யந்திரங்களைக் கையாளுகின்றனர்.

திருத்தங்கலுக்கு அருகில் ஒரு கிராமத்தில், பச்சைக் குஞ்சுகளெல்லாம் பெட்டையென்று வியாபாரி சொன்னதை நம்பி ஓர் அம்மாள் இருபது வாங்கினார். மூன்று மாதங்களில் எஞ்சியவை நான்கு. "நாலும் கூவுதுங்கய்யா" என்று அவர் என்னிடம் சொன்னபோது பதில் சொல்ல எனக்கு வாயெழவில்லை.

முதல் நாளில் ஆண் பெண் அறிய இயலாதா என்று கேட்கலாம். இயலும், ஆனால் நம்மால் இயலாது. குஞ்சின் மலத்துவாரத்தை விரித்து உள்ளுறுப்பைக் கண்டறியும் முறையை ஜப்பானிய விஞ்ஞானி மசூயியும் அவர் கூட்டத்தாரும் கண்டுபிடித்து, 1927-ல் கனடா தேசத்து ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழி மகாநாட்டில் தெரிவித்தனர். அதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டும். பழகாதவர் செய்தால் குஞ்சுக்குக் காயமே மிஞ்சும். இறக்கை இறகின் நீளங்கொண்டு அறியும் முறையோ, அதற்கென்றே இணைசேர்த்த இனங்களில் மாத்திரமே பலிக்கும். யான் பயிற்சி முடித்து வந்த புதிதில், இவ்விறகைப் பார்த்து ஒரு குடியானவருடைய நாட்டுக் குஞ்சுகளுக்கு ஆண் பெண் சொல்லித் தவறினேன். அவர் பெட்டையென்று நிறுத்திக்கொண்டவற்றில் பாதி சேவலாயின.

கூர்முனை முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்குமென்பதும் ஆதாரமற்றதே. ஆணோ பெண்ணோ என்பது தாய்க்கோழியின் கருவணுவினால் நிச்சயிக்கப்படுகிறது. ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எவ்வடைவைப்பிலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்றே எதிர்பார்க்க வேண்டும்.

ஆகவே குஞ்சை நிறம் பார்த்து வாங்காது வயது பார்த்து வாங்குக என்பதே எனது அபிப்பிராயம். நான்கு வாரம் வளர்ந்து, தடுப்பு மருந்து இட்ட நாட்டுக் குஞ்சே சிறந்தது. அதற்கு விலை அதிகமன்றோ எனின், சாகும் குஞ்சுகளின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். எட்டு வாரமளவில் சேவலின் கொண்டை முந்திச் சிவந்து பெருக்கும், கால் தடிக்கும். பெருவிடை இனத்தில் கொண்டை சிறிதாதலால் பத்துப் பன்னிரண்டு வாரம் பொறுத்து முதுகின் பின்புறத்து இறகைக் காண்க. கூராக நீண்டிருப்பின் சேவல். முனை வட்டமாயிருப்பின் பெட்டை. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் நிறுத்தி, மற்றவற்றை எடைக்கு விற்கலாம். நாட்டுச் சேவல் நஷ்டமன்று.

வீட்டிலேயே பொரித்த குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பின் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வருக. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கினால் குளிர். விலகி வாய்திறந்து இளைத்தால் வெப்பம் மிகுதி. கோடைப் பகலில் பெரும்பாலும் விளக்கே வேண்டுவதில்லை. இராக்காலத்தில் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் வீதம் குண்டு பல்பு போதும், எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிச் சூடு தராது. ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குச் சொட்டு மருந்தும், நான்காம் வாரத்தில் மறுபடியும் அதுவும், எட்டாம் வாரத்தில் ஊசியும் இடுவிக்க வேண்டும்.

நம் பகுதிக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பட்டாசுச் சாலையிலிருந்து வரும் காகிதக் கழிவையும் சாக்கையும் குஞ்சுக்கு விரிக்கலாகாது. அவற்றில் ஒட்டிய வெடியுப்பும் உலோகத் தூளும் நஞ்சாகும். நெல் உமியோ கடலைத் தொலியோ விரிப்பதே நன்று. திரியோ காகிதக் குழாயோ உள்ள வீட்டில் குஞ்சுக்கெனக் கரியடுப்பும் மண்ணெண்ணெய் விளக்கும் வைக்கவே கூடாது. பத்துக் குஞ்சுகளைக் காக்கப்போய்க் குடும்பத்தை இழக்கலாமா?

நிலச்சுவான்தார்கள் தம் களத்தில் சிந்தும் சோளத்தையும் கம்பையும் குதிரைவாலியையும் கோழிக்கு விட்டு, நல்ல சேவல் ஒன்றை ஊருக்குப் பொதுவாக நிறுத்தினால் அடுத்த வீட்டு அடைவைப்பும் சிறக்கும். கிராம உத்தியோகஸ்தர்கள் தடுப்பு மருந்து நாளைக் கிராம சபையில் முன்னரே அறிவிப்பதோடு, வர்ணக் குஞ்சு முட்டையிடாதென்பதையும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்களாக. அவ்வொரு வார்த்தையால் ஏழை ஸ்திரீ ஒருத்தியின் ஒரு மாதச் சேமிப்பு நிலைக்கும்.