ஓர் இடத்துக்கு நூற்று இருபது விண்ணப்பம்



2024 செப்டம்பரில் ஒருநாள் இரவு, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் கையில் ஒரு நீள நோட்டுடன் வீட்டுக்கு வந்தார். அவர் மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவள். ஹவுஸ் சர்ஜன் முடித்து, அமெரிக்காவில் மருத்துவ உரிமம் பெறுவதற்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் ஸ்டெப் ஒன், ஸ்டெப் டூ இரண்டிலும் முதல் முயற்சியிலேயே தேறிவிட்டாள். அமெரிக்காவில் ரெசிடென்சி சேர்வதற்கு விண்ணப்பம் போடும் நேரம். நோட்டில் மாநிலவாரியாக மருத்துவமனைகளின் பெயர்கள். பக்கத்தில் டாலர். அதற்கும் பக்கத்தில், வாத்தியார் கையெழுத்தில், ரூபாய்.

"தம்பி, நூறு போட்டா போதுமா, நூத்தம்பது போடணுமான்னு பாப்பா கேக்கிறா. உங்களுக்கு அமெரிக்காவுல இருக்கிற டாக்டருங்க பழக்கமாச்சே, என்ன சொல்றாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "பாப்பா காலேஜுக்குக் கட்டுன ஃபீஸ் அத்தனையும் கூட்டிப் பாத்தேன். இன்னிக்கு ராத்திரி கட்டப்போறது அதைவிட அதிகம்."

அந்த வாக்கியம் இத்தனை நாளாகியும் என்னை விடவில்லை. இந்த மாதம் உங்களிடம் பேச வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

நம் ஊரில் பி.ஜி. என்கிறோமே, ஏறக்குறைய அதைத்தான் அங்கே ரெசிடென்சி என்கிறார்கள். அதை முடிக்காமல் பொதுவாக அங்கே மருத்துவம் பார்க்க முடியாது. நம்மூரில் பெரும்பாலான இடங்களுக்கு நீட் பி.ஜி. என்று ஒரே தேர்வு, ஒரே தரவரிசை, அதன்பின் கலந்தாய்வு. அங்கே அப்படியில்லை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒவ்வொரு துறையும் ஒரு தனி புரோகிராம். ஒவ்வொன்றுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; அவர்கள் அழைத்தால் நேர்காணல். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் ஈராஸ் என்ற சேவை வழியாகத்தான் பெரும்பாலான துறைகளுக்கு விண்ணப்பம் போகிறது. 2024-25 பருவத்தில் கட்டணத்தை இப்படி மாற்றினார்கள்: முதல் 30 புரோகிராம்களுக்குத் தலா 11 டாலர், 31 முதல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர்.

வாத்தியார் போட்ட கணக்கைப் பாருங்கள். முப்பதோடு நிறுத்தினால் 330 டாலர். நூறு போட்டால் 2,430. நூற்றைம்பது என்றால் 3,930. அன்றைய டாலர் மதிப்பில் நூறுக்கு இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கட்டிய பணம் திரும்பி வராது. நேர்காணலுக்கு ஒருவர்கூட அழைக்காவிட்டாலும் வராது.

இது கடைசிப் படியில் கட்டுகிற பணம் மட்டும்தான். இந்தியாவில் இருந்து எழுதுபவர்களுக்கு ஸ்டெப் தேர்வு ஒவ்வொன்றுக்கும் கட்டணமும் வெளிநாட்டு மையத்துக்கான கூடுதல் தொகையும் சேர்ந்து ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒன்று, ஆங்கிலத் தேர்வுக்கு ஒன்று. பிறகு அப்சர்வர்ஷிப். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் சில வாரம் உடன் நின்று பார்த்தால்தான் அங்குள்ள மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார் என்பதால், விசா, விமானம், வாடகை எல்லாம் கைப்பணத்தில். இதை ஏற்பாடு செய்து தருகிறோம் என்று பணம் வாங்கும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். நகையும் நிலமும் அடகுக்குப் போவது இந்த இடத்தில்தான்.

ஏன் நூறு, நூற்றைம்பது என்று போகிறார்கள்? பேராசையால் அல்ல, பயத்தால். 2025 மார்ச் மாதம் நடந்த, மேட்ச் எனப்படும் இட ஒதுக்கீட்டில் மொத்தம் 43,237 இடங்கள் இருந்தன. பதிவு செய்தவர்கள் 52,498 பேர். அமெரிக்காவிலேயே எம்.டி. படித்து வெளிவரும் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத மருத்துவர்களில் 58 சதவீதம் பேருக்குத்தான். ஐந்தில் இரண்டு பேர் வெறுங்கையோடு திரும்புகிற இடத்தில், பக்கத்து அறைத் தோழி நூறு போட்டால் நாம் நூற்றிருபது போடத்தான் செய்வோம். அவள் அதைக் கேட்டு நூற்றைம்பதாக்குவாள். அதனால் இடம் ஒன்றுகூடக் கூடுவதில்லை. பத்துப் பதினைந்து இடம் உள்ள ஒரு புரோகிராமுக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவிந்தால் யாரால் உட்கார்ந்து படிக்க முடியும்? மதிப்பெண், படிப்பை முடித்த ஆண்டு, விசா தேவையா என்று கணினியில் சல்லடை போட்டுப் பலவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு பெண் இரவெல்லாம் விழித்து எழுதிய சுயவிவரக் கடிதத்தை எவரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கும் 30 டாலர்.

இதே அமைப்பின் அடுத்த கட்டம் அற்புதமாக வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நேர்காணல்கள் முடிந்ததும், மருத்துவர் தனக்குப் பிடித்த புரோகிராம்களை வரிசைப்படுத்துவார், புரோகிராம்களும் வரிசைப்படுத்தும். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் இந்த மேட்ச் ஏற்பாடு 1952 முதல் நடக்கிறது. ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞர் அதைத் திருத்தியமைத்துக் கொடுத்தார். 1998 முதல் அந்த முறையே பயன்பாட்டில் இருக்கிறது. அதில் தந்திரம் செய்ய வேண்டியதில்லை. மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதினால் போதும். இத்துறை ஆய்வுகளுக்காக 2012இல் ராத்துக்கும் லாயிட் ஷாப்லிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பொருத்துவதற்கு இவ்வளவு நேர்த்தியான வழி கண்டவர்கள், அதன் வாசல்வரை வருவதற்கான வழியை மட்டும் பணப்பையைப் பொறுத்ததாக விட்டுவிட்டார்கள்.

இடங்கள் ஏன் போதிய அளவு கூடவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. பயிற்சி மருத்துவர்களுக்கான அரசு நிதியில் பெரும்பங்கை அங்கே மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு தருகிறது. 1997இல் வந்த ஒரு சட்டம், மருத்துவமனைகளில் 1996இல் இருந்த அளவோடு அந்த நிதியுதவிக்கு உச்சவரம்பு போட்டுவிட்டது. அதன்பிறகு சொல்லத்தக்க கூடுதல் 2021ஆம் ஆண்டுக்கான நிதிச் சட்டத்தில்தான் வந்தது. அதுவும் ஆயிரம் இடங்கள். சில ஆண்டுகளில் பிரித்துத் தருவதாக.

அமெரிக்க மாணவர்களும் இதில் நிம்மதியாக இல்லை. கடன் வாங்கிப் படித்து வருபவர்களுக்கு நடுத்தர அளவே சுமார் இரண்டு லட்சம் டாலர் கல்விக்கடன் இருக்கிறது. அதற்கு மேல் இந்த விண்ணப்பச் செலவு. கொரோனாவுக்கு முன்பு நேர்காணலுக்கு ஊர் ஊராக விமானத்தில் பறந்தார்கள், ஓட்டலில் தங்கினார்கள். எல்லோருக்கும் இன்னொன்றும் இருந்தது: நோயாளியாக நடிப்பவர்களைப் பரிசோதித்துக் காட்டும் ஸ்டெப் டூ சி.எஸ். தேர்வு. அமெரிக்காவில் ஐந்தே நகரங்களில் நடந்தது. நம்மவர்களுக்கு விசா கிடைத்தால்தான் தேர்வு. 2021 ஜனவரியில் அதை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நேர்காணல்களில் பெரும்பாலானவையும் கணினித் திரைக்கு வந்தன. அதனால் மருத்துவம் ஒன்றும் கெட்டுப் போய்விடவில்லை. தவிர்க்கவே முடியாது என்று சொல்லப்பட்ட இரண்டு பெரிய செலவுகளைத் தவிர்க்க முடிந்திருக்கிறது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

காது மூக்கு தொண்டைத் துறை 2020-21 பருவத்தில் ஒரு நல்ல முயற்சியைத் தொடங்கியது. "உங்களிடம் சேரத்தான் உண்மையில் விரும்புகிறேன்" என்று சில புரோகிராம்களுக்கு மட்டும் விண்ணப்பதாரர் சமிக்ஞை அனுப்பலாம். இன்று பல துறைகளில் இது இருக்கிறது. எலும்பியல் துறையில் 30 சமிக்ஞைகள் தருகிறார்கள். சமிக்ஞை இல்லாத இடத்துக்கு விண்ணப்பிப்பதில் பயனில்லை என்று ஆகும்போது தானாகவே எண்ணிக்கை இறங்கும். ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு வைப்பதுதான் நியாயம். முப்பதுக்கு மேல் கட்டணத்தைக் கூட்டுவது பணமுள்ளவரை நிறுத்தாது. இடம் கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்பதால் அதிக விண்ணப்பம் போட வேண்டியிருக்கிற வெளிநாட்டுப் பிள்ளையின் தலையில்தான் அது விழுகிறது. நாற்பது என்றால் பணக்காரருக்கும் நாற்பது, வாத்தியார் மகளுக்கும் நாற்பது என்று வைக்கட்டும்.

வாத்தியார் மகள் அன்று நூற்றிருபது போட்டாள். 3,030 டாலர். நான்கு நேர்காணல் வந்தது. 2025 மார்ச் 17, திங்கட்கிழமை மாலை மின்னஞ்சலும் வந்தது. மேட்ச் ஆகவில்லை. தெருவில் எவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வாத்தியார் மறுநாளும் வழக்கம்போல நடைப்பயிற்சிக்குப் போனார்.

அடுத்த முறை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அவள் கல்லூரியில் சில ஆண்டுகள் மூத்தவர் ஒருவர் மிச்சிகனில் ரெசிடென்சி செய்கிறார். டியூட்டி முடிந்த இரண்டு இரவுகள் வீடியோவில் உட்கார்ந்து அவளுடைய பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். இது விசா தராது, அடி. இது படிப்பை முடித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆனால் எடுக்காது, அடி. இங்கே நம் ஊர்க்காரர் ஒருவர்கூடச் சேர்ந்ததில்லை, யோசித்துப் போடு. கடைசியில் அறுபது பெயர்கள் மிஞ்சின. செலவு முன்பைவிடப் பாதிக்கும் கீழே வந்தது. அடிக்கப்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை முதல் ஆண்டும் அவளை எடுத்திருக்கவே முடியாதவை. அதை அன்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

டெட்ராய்ட்டிலும் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் வேலை பார்த்துக்கொண்டு இந்தப் பத்திரிகையைப் படிக்கும் மருத்துவ வாசகர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் உங்கள் கல்லூரி ஜூனியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். இரண்டு இரவு ஒதுக்கி, பணம் கட்டுவதற்கு முன் அவர் பட்டியலைப் பார்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்