டாக்டர் கனவு, கையில் ஒரு டிகிரி

பிளஸ் டூ முடிவும் நீட் முடிவும் வந்த கையோடு பாதி வீடுகளில் ஒரே பேச்சுதான். "மார்க் பத்தலை. இன்னொரு வருஷம் வீட்டிலேயே இருந்து படிக்கட்டுமா, இல்லே பி.எஸ்ஸி.யில் சேர்த்துவிட்டு கூடவே எழுதச் சொல்லலாமா?"

எங்கள் பாளையங்கோட்டையில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே கிடையாது. 1895-ல் ஆரம்பித்த சாரா டக்கர் கல்லூரி, 1923-ல் வந்த தூய சவேரியார் கல்லூரி என்று ஊர் நிறையக் கல்லூரி. ஹைகிரவுண்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகளைப் போகும்போதும் வரும்போதும் பார்த்தே வளர்கிற பெண்ணுக்கு டாக்டர் ஆசை வராமல் இருக்குமா? வரட்டும். அந்த ஆசைக்கு வீட்டில் எப்படித் திட்டம் போடுவது என்பதைத்தான் இந்தத் தடவை பேசப் போகிறேன்.

காத்திருக்கும் காலம்

நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் நேரே மருத்துவம். அமெரிக்காவில் அப்படி இல்லை. முதலில் ஒரு பட்டம், அதற்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அங்கே பட்டம் ஒரு படிக்கட்டு. இங்கே அது படிக்கட்டு இல்லை என்பதால், பி.எஸ்ஸி. படிப்பது வீண் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2017-ல் நீட் வந்தது. அதைப் பற்றி ஆராய அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் அறிக்கை கொடுத்தது. மருத்துவம் சேர்ந்தவர்களில் முந்தின வருஷங்களில் பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம். 2020-21-ல் அதுவே 71.42 சதவீதம்! முதல் தடவையில் இடம் கிடைக்காதது உங்கள் பெண்ணின் மட்டம் இல்லை, பலருக்கும் நடப்பதுதான் என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா? அப்படியானால் அந்தக் காத்திருக்கும் வருஷங்களில் பெண் என்ன செய்கிறாள் என்பதுதான் பெரிய விஷயம்.

எங்கள் தெருவில் ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: "யக்கா, காலேஜுல சேத்துட்டா புள்ள டாக்டர் ஆசைய விட்டுருவாளோன்னு பயமா இருக்கு."

அவள் பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷம் வீட்டோடு இருந்தாள். கல்யாண வீட்டுக்கு வர மாட்டாள். தசராவுக்கு அத்தனை அம்மன் சப்பரமும் தெருவில் நிற்கும்போது வாசலுக்குக்கூட வர மாட்டாள். "என்ன படிக்கே தாயி?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்று பயம். மூன்றாம் வருஷம் ஒருவழியாக விலங்கியலில் சேர்த்தார்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற அன்றைக்குத்தான் அந்த முகத்தில் பழைய களையைப் பார்த்தேன். ஆசையை அவள் விடவில்லை. காலை ஐந்து மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிகிறது.

எந்தப் பாடம்?

பெண்ணுக்குப் பிடித்த பாடமாக இருக்கட்டும். டாக்டர் இடம் வராமலே போனாலும், "இதைப் படித்தேன்" என்று சந்தோஷமாகச் சொல்லக்கூடிய பாடமாக இருக்க வேண்டும்.

நீட்டில் 720 மார்க். உயிரியலுக்கு 360, பௌதிகத்துக்கு 180, ரசாயனத்துக்கு 180. விலங்கியல் எடுத்தால் அலைடு என்கிற துணைப் பாடமாகப் பெரும்பாலும் தாவரவியலும் ரசாயனமும் வரும். தாவரவியல் எடுத்தால் விலங்கியலும் ரசாயனமும். ஆக உயிரியலும் ரசாயனமும் கையை விட்டுப் போகாது. விட்டுப்போவது பௌதிகம். அதற்கு வீட்டில் தனியாக நேரம் வேண்டும். ரசாயனம் எடுத்தால் சில கல்லூரிகளில் பௌதிகம் துணைப் பாடமாக வரும். சேரும்போதே எது எது அலைடு என்று கேட்டுவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். நீட் கேட்பது பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடத்தைத்தான். பி.எஸ்ஸி. வகுப்பில் நடத்துவது அதைத் தாண்டிப் போகும். கல்லூரிப் பாடம் போதும் என்று பழைய புத்தகத்தைப் பரணில் போட்டுவிடக் கூடாது.

ஆனர்ஸ் படிப்பு பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தில்லிப் பல்கலைக்கழகம் 2022-ல் நான்கு வருஷத் திட்டத்துக்கு மாறியது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. மூன்று வருஷம்தான். இரண்டு குதிரையில் சவாரி செய்கிற பெண்ணுக்கு வீட்டுப் பக்கத்து மூன்று வருஷமே தோது என்பது என் எண்ணம்.

வருஷத்தைப் பிரிப்பது எப்படி?

2023, 2024, 2025 மூன்று வருஷமும் நீட் மே மாதம் முதல் ஞாயிறுதான் நடந்தது. கல்லூரியில் இரண்டாவது செமஸ்டர் பரீட்சை வருவதும் ஏப்ரல், மே வாக்கில். இந்த மோதலை ஜூன் மாதமே மனதில் வைத்துத் திட்டம் போட வேண்டும்.

1. கல்லூரி திறந்ததிலிருந்து நவம்பர் வரை: காலையில் ஒன்றரை மணி நேரம் பௌதிகக் கணக்கு. மாலையில் அன்றைய கல்லூரிப் பாடம். படுக்கப் போகுமுன் அரை மணி உயிரியல். ரெக்கார்டு நோட்டைச் சேர்த்து வைக்காமல் வாராவாரம் முடித்துவிடட்டும்.

2. கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறை: பிளஸ் ஒன் பாடம் முழுக்க ஒரு சுற்று.

3. பிப்ரவரி: விண்ணப்பம் போடுகிற காலம். 2025-ல் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரைதான் கொடுத்தார்கள். காலண்டரில் குறித்து வையுங்கள்.

4. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை: ஞாயிறுதோறும் மாதிரிப் பரீட்சை. 2025-ல் 180 கேள்விக்கு 180 நிமிஷம், மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. சரியான விடைக்கு 4 மார்க், தப்பானால் 1 மார்க் பிடித்துவிடுவார்கள். மதியம் சாப்பிட்டதும் கண் சொக்குகிற நேரமல்லவா? அதே நேரத்தில் உட்கார்ந்து பழகினால்தான் உடம்பு ஒத்துழைக்கும்.

கோச்சிங்குக்காகக் கல்லூரிக்கு மட்டம் போடுவது வேண்டாம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுதவே சிக்கலாகிவிடும்.

பணமும் காகிதமும்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மேல்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய். வீட்டில் இருந்தால் அது கிடையாது. அப்படிப் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் 2020 முதல் உண்டு.

சான்றிதழ்களின் அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. நடுவில் மருத்துவ இடம் கிடைத்தால் அசல் கையில் இருப்பது எவ்வளவு நிம்மதி!

சாப்பாடும் தூக்கமும்

படிக்கிற பெண் காலையில் வெறும் காபியோடு ஓடக் கூடாது. நம் பக்கத்து உளுந்தங்களி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு வாரம் இரண்டு நாள் கொடுங்கள். முருங்கைக் கீரை வைக்கிற அன்று நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சை ரசமோ சேர்த்தால் கீரையின் இரும்புச் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தச் சத்து குறைந்துபோகும். இரவு ஏழு மணி நேரத் தூக்கம் அவசியம். கண் விழித்துப் படித்தது காலையில் நிற்காது.

எல்லை போடுங்கள்

கடைசியாக ஒன்று. நீட் எழுத இத்தனை தடவைதான் என்று கணக்கு இல்லை. மேல் வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். சர்க்கார் எல்லை போடாதபோது நாம்தான் போட வேண்டும். பட்டம் முடிகிற வரை எழுதட்டும், அதற்குப் பிறகு வேறு வழி பார்ப்போம் என்று பெண்ணும் தாய் தகப்பனும் உட்கார்ந்து முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். பெண்ணின் வாயிலிருந்தே அந்த எல்லை வர வேண்டும்.

வேறு வழிக்கும் குறைவில்லை. பாளையங்கோட்டையிலேயே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் நீட் மார்க் வேண்டும். ராமையன்பட்டியில் 2012-ல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரியில் நம் மாநிலத்து இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, நர்சிங், பார்மசி எல்லாவற்றுக்கும் அப்படியே. பி.எஸ்ஸி. முடித்தவளுக்கு எம்.எஸ்ஸி., பி.எட். இரண்டும் திறந்தே இருக்கின்றன.

டாக்டர் ஆனால் ஊருக்கு நல்லது. ஆகாவிட்டாலும் மூன்று வருஷம் கழித்துப் பெண்ணின் கையில் ஒரு பட்டமும், முகத்தில் தெம்பும் இருக்க வேண்டும். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?